அய்யாவு அண்ணனின் கட்டைவிரல்

எங்கள் ஊரில் அய்யாவு அண்ணனிடம் பட்டாளத்துக் கதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். காத்தாயி அண்ணி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் விரால் குழம்புக் கதை வந்துவிடும்.

நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் திருச்சிப் பக்கம் ஒரு ராணுவ முகாமில் அண்ணன் வாசல் காவலுக்கு நின்றார். புதுப் பெண்டாட்டி திருவையாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, கேரியரில் விரால் குழம்போடு போய் நின்றிருக்கிறார். "பாஸ் இல்லேன்னா திரும்பிப் போ" என்றாராம் மனுஷன். குழம்பை பஸ் டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அந்த வாசலில் போய்த்தான் முடியும்.

இந்த ஆனி மாதம் அதே முகாமில் பழைய சிப்பாய்களுக்கு விருந்து, மனைவியோடு வரலாம், வாசலில் ஆதார் கைரேகை பார்ப்பார்கள் என்று கடிதம் வந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்தத் தடவ உன்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போயி மெஸ்ல உக்கார வச்சிடுறேன். அதோட அந்தப் பேச்ச விட்டுடணும்."

"விட்டுடுறேன். ஆனா போறதுக்கு முன்னாடி ரெண்டு நாளைக்கு நாத்தங்கால்ல கை வைக்காதீங்க" என்றார் அண்ணி. ஆள் கிடைக்காத குறுவை நேரம், அண்ணன் கேட்பாரா? விருந்துக்கு முந்தின நாள் பொழுதுக்கும் நாற்றுப் பறித்தார்.

என் காரில்தான் போனோம். வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக் கேரியர் உள்ளே போகக் கூடாது என்றார்கள். ஆமாம், அண்ணி மறுபடியும் விரால் குழம்பு வைத்திருந்தார். அடுத்தது கைரேகை மிஷின். அண்ணி விரலை வைத்ததும் பச்சை எரிந்தது. அண்ணனுக்குச் சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. நாற்றுப் பறித்து ரேகை தேய்ந்த பத்து விரலுக்கும் சிவப்பு.

"லிஸ்ட்ல பேரு இருக்கு சார். ஆனா ரேகை விழாம உள்ள விட முடியாது" என்றார் காவலுக்கு நின்ற சிப்பாய்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருடம் உழைத்த மனுஷனை யாரென்று ஒரு டப்பாவா சொல்ல வேண்டும்? சண்டைக்குப் போன என்னை அண்ணன்தான் தடுத்தார்.

"அவரு மேல தப்பில்ல தம்பி. நானா இருந்தாலும் விட மாட்டேன்." சொல்லும்போதே முகம் தொங்கிவிட்டது.

"அதான் தெரியுமே!" என்றார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணி. "பாஸ் இல்லேன்னா திரும்பிப் போங்க."

சொல்லிவிட்டு இரண்டடி நடக்கவும் செய்தார். பிறகு திரும்பி வந்து, அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்துத் தன் எண்ணெய்த் தலையில் நாலு தேய் தேய்த்தார்.

"மாசாமாசம் ரேஷன் கடையில இந்த மிஷினோட மல்லுக்கட்டுறது யாருன்னு நெனச்சீங்க?" என்றபடி விரலை அழுத்தி வைத்தார். பச்சை.

சிப்பாய் சிரித்துக்கொண்டே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு உன்னை அனுப்பிட்டு நான் சாப்பிடவே இல்ல காத்தாயி" என்றார். இதைச் சொல்ல இத்தனை வருடமா என்று திட்டிக்கொண்டே அண்ணி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

நான் காரில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். இந்தத் தடவையும் குழம்பு உள்ளே போகவில்லை. ஆனால் அண்ணி உள்ளே போய்விட்டார்.