யார் யார் பார்த்தார்கள்

செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்குப் பொது ஃபோல்டர் அமைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லோர் திரையிலும் அது தானாக வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார்.

தபால் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார். அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. ஒரு வரி அடித்ததும் உடனே சேவ் செய்வார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் நான் பிரித்துப் பார்க்காமல் பொது ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை எல்லாத் திரையிலும் ஃபோல்டர் வந்தது. அவர் மேனேஜருக்கு எழுதி, கொடுக்காமலே வைத்திருந்த ஒரு கடிதமும் அதில் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதைப் பற்றிய கடிதம். அதை முதலில் திறந்தவரும் அந்த மனிதர்தான்.

"மச்சான், இங்க வந்து பாரு. நம்ம பேரும் இதுல கீது" என்று இன்னொருவரைக் கூப்பிட்டார்.

நான் ஓடிப்போய் அந்தக் கடிதத்தைப் பொது ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார்.

"யார் யார் பாத்தாங்கன்னு இதுல தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா. என் தப்புதான்."

"அப்ப எல்லாரும் பாத்துட்டாங்கன்னே வெச்சுக்கறேன்."

திரும்பிப் போய், அதே ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தபால்களைப் பிரிக்கத் தொடங்கினார்.

அவர் மட்டும் திறக்கும்படி ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். சர்வரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் அதன் அளவைத்தான், திறக்காமலே, பார்க்கிறேன். இன்னும் காலியாகவே இருக்கிறது.