இருபத்தேழு சாமிகள்

ஈச்சிலம்பற்றுத் தவமலரைப் பாதயாத்திரைக் கூட்டத்தில் தேடுகிறவர்கள் முன்னால் பார்த்துப் பிரயோசனமில்லை. வேல் பிடித்தவர் முதலில் போவார், அவருக்குப் பின்னால் பாடுகிறவர்கள், அதற்கும் பின்னால் கால் கொப்பளித்தவர்கள். எல்லாருக்கும் கடைசியில், கையில் ஒரு கம்போடு, தவமலர். ஊரில் சைக்கிளில் கருவாடு விற்கிற மனுஷி அவள். மீனை மணந்து பார்த்து முகம் சுழிக்கிறவர்களுக்கு விற்கவே மாட்டாள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

திருகோணமலையிலிருந்து கதிர்காமம் வரைக்கும் வெறுங்காலோடு நடக்கிற அந்தக் கூட்டத்தில் அவள் சேர்ந்து ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் கடைசி ஆள் அவள்தான். முன்னால் வரச் சொன்னால், "பின்னால பாக்கிறதுக்கு ஒராள் வேணும்" என்பாள். அதற்கு மேல் கேட்டால் ஏச்சு விழும்.

கேட்காதவர்களுக்கும் காரணம் தெரியும். சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி வாகரைப் பக்கம் ஓடியபோது, இதே றோட்டில், தலையில் பொட்டலத்தோடு தவமலர் முன்னால் நடந்தாள். தங்கச்சி வசந்தி பின்னால் வந்துகொண்டிருந்தாள். வந்துகொண்டிருந்தாள் என்றுதான் தவமலர் நினைத்தாள். வெருகலில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் வேறு யாரோ நின்றார்கள். மூன்று நாள் அந்த றோட்டில் வசந்தி, வசந்தி என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இனி என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் விடுபடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தவள், இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடக்கிறாள். முருகனிடம் அவள் கேட்பது வேறொன்றுமில்லை.

ஆகவே எண்ணுவாள். தங்கி எழும்புகிற ஒவ்வொரு இடத்திலும் கம்பை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணுவாள். இந்த வருடம் அவளோடு சேர்த்து இருபத்தேழு. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றால், அது நடையின் வழக்கமில்லை. வேலைத் தூக்கியதோடு ஊரும் பேரும் போய்விடும். ஆணோ பெண்ணோ, கடைக்காரரோ அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரோ, எல்லாரும் சாமிதான். பக்கத்தில் படுத்தெழும்புகிறவரின் பேரைக்கூடக் கேட்கக் கூடாது.

அந்த இருபத்தேழில் ஒருத்தி பேசாச் சாமி. நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. கதிர்காமம் போய்ச் சேரும் வரை வாய் திறப்பதில்லை என்று நேர்த்தி வைத்திருந்தாள். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. தவமலர் கம்பை நீட்டி எண்ணிக்கொண்டு வரும்போது மட்டும், தன் முறை வந்ததும் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டுவாள், நான் இருக்கிறேன் என்று. தவமலருக்கு அது பிடித்திருந்தது. மற்றச் சாமிகள் எண்ணும்போது நின்ற இடத்தில் நிற்பதில்லை, மேய்ச்சல் மாடுகள்.

மூதூர்ப் பக்கமிருந்து விடிய முன் புறப்பட்ட நாளில் கச்சான் காற்று வெயிலேற முன்னரே வீசத் தொடங்கியிருந்தது. ஆனி மாதத்து அனல் காற்று, வாயைத் திறந்தால் மண். பொழுதுபட முன் ஈச்சிலம்பற்றுக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேல் பிடித்த சாமி விரட்டிக்கொண்டே வந்தார்.

காடு தொடங்குகிற இடத்தில் வழக்கம்போல, எல்லாரும் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற அலியார், உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் தண்ணீர்ப் பீப்பாக்களோடு நின்றார். வருடா வருடம் அந்த வேப்ப மரத்தடியில் நின்று சாமிமாருக்குத் தண்ணீர் கொடுப்பது அவர் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்ட வேலை. அன்றைக்கு அவர் முகம் சரியில்லை.

"தங்கச்சி, குளக்கட்டால போகாதீங்க. றோட்டாலயே போங்க" என்றார் தவமலரிடம்.

"ஏன் காக்கா?"

"தனியன் யானை ஒண்டு நிக்கிது. முந்தாநாத்து ஒரு வாடிக் குடிசைய அடிச்சிப் போட்டுட்டு. குளத்தில தண்ணி வத்திப் போச்சு, அந்தக் கொஞ்சத் தண்ணிக்குத்தான் அது அங்கயே சுத்துது."

தவமலர் போய் வேல் பிடித்த சாமியிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"முப்பது வருஷமா குளக்கட்டாலதான் வேல் போகுது. யானை முருகன்ர தமையன்ர ஆள், ஒண்டும் செய்யாது."

பிள்ளையாரின் பேரால் சொன்ன அந்தக் கதைக்கு எல்லாரும் அரோகரா போட்டார்கள். தவமலரும் போட்டாள். ஆனால் காக்காவின் போன் நம்பர் தன்னிடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மூதூரிலிருந்து கூடவே வந்த ஒரு செவலை நாய் குளக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. கூப்பிட்டார்கள், பிஸ்கட் காட்டினார்கள். வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. கட்டின் மேல் யானை லத்தி கிடந்தது. தவமலர் கம்பால் குத்திப் பார்த்தாள், உள்ளே ஈரம். பாலை மரமொன்றில் ஆள் உயரத்துக்கு மேல் பட்டை உரிந்து தொங்கியது. பாடிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டார்கள். 

குளத்தின் நடுவில் கொஞ்சத் தண்ணீர் கிடந்தது. வேலை மருத மரத்தில் சாய்த்துவிட்டுக் கால் முகம் கழுவினார்கள். பெண்கள் ஒதுங்குவதற்காகக் கட்டின் மறுபக்கப் பற்றைக்குள் இரண்டு மூன்று பேராகப் போய் வந்தார்கள். கால் மணி நேரம்கூட இல்லை, வேல் பிடித்த சாமி எழும்பிவிட்டார்.

"எண்ணியாச்சோ சாமி?"

தவமலர் கம்பை நீட்டினாள். எல்லாம் காவி, எல்லாம் திருநீறு, காற்றுக்கு எல்லாரும் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். இருபத்தாறு, தன்னோடு இருபத்தேழு. ஏதோ ஒன்று குறைகிறது போல இருந்தது. திரும்பவும் எண்ணினாள். அதே இருபத்தேழு. கணக்குச் சரியாயிருக்கும்போது மனசுக்கு என்ன வேலை என்று தன்னையே ஏசிக்கொண்டு, "ஓம், சரி" என்றாள். வேல் எழும்பியது.

ஒன்றரைக் கட்டை தூரம் தள்ளிக் காட்டுப்பாதை றோட்டில் ஏறும் சந்தியில், காவி கட்டிய ஒரு மனுஷன் வரிசையிலிருந்து விலகி வந்து அவளைக் கும்பிட்டார்.

"அப்ப நான் வாறன் சாமி. இவ்வளவு தூரந்தான் என்ர நேர்த்தி."

"எவ்வளவு தூரம்?"

"குளத்தடியில சேர்ந்தனான். வருஷத்தில ஒருக்கா அங்கயிருந்து இந்தச் சந்தி மட்டும் வேலோட நடக்கிறது."

தவமலர் திரும்பி வரிசையைப் பார்த்தாள். கம்பைத் தூக்கி எண்ணினாள். இருபத்தாறு. எண்ணி முடியும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளத்தடியில் யாரும் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டவில்லை.

"பேசாச் சாமியைக் காணேல்ல! குளத்தடியில விட்டிட்டம்!"

வேல் பிடித்த சாமியின் முகம் கறுத்தது. "எடுத்த வேல் திரும்பாது. வேலுக்குப் பின்னால வந்த ஆளும் திரும்பி நடக்கிறேல்ல. பொலிசுக்குச் சொல்லுவம், முருகன் பாத்துக்கொள்ளுவான்."

"முருகன் பாக்கட்டும். எண்ணினது நான்."

காக்காவுக்குப் போன் எடுத்தாள். "காக்கா, ஒராள் குளத்தடியில விடுபட்டிட்டு. மெசினைக் கொண்டு கெதியா வாங்கோ." அவர் சொன்ன பதில் காற்றில் பாதிதான் விளங்கியது. நில்லுங்க, தனியப் போகாதீங்க என்பது விளங்கியது. அவள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கச்சான் முதுகைத் தள்ளியது. "சாமி!" என்று கத்தினாள். "சாமீ!" பதில் இல்லை. பதில் வராது என்பதும் தெரிந்ததுதான், நேர்த்தி வைத்தவள் வாய் திறப்பாளா? அந்த நேர்த்தியின் மேல் ஆத்திரம் வந்தது, அதை வைத்தவள் மேலும் வந்தது. வசந்தியைத் தேடின நாளில் கூப்பிடுவதற்கு ஒரு பேராவது இருந்தது. இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? உலகத்திலுள்ள எல்லாரும் சாமி என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினாள்.

மருத மரத்தடியில் காலடிகள் மட்டும் கிடந்தன. குளத்தில் ஒரு கொக்குக்கூட இல்லை. கட்டின் மேலேறி மறுபக்கம் பார்த்தாள். கீழே, கூப்பிடு தூரத்தில், ஒரு வீரை மரத்தோடு ஒட்டிக் காவிச்சேலை தெரிந்தது. பேசாச் சாமிதான். அசையாமல் நின்றாள்.

"அடி பாவி! எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்!"

பேசாச் சாமி தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. தவமலர் அதைத் தன் ஆத்திரத்தில் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். நேர்த்தியாம், நேர்த்தி. கட்டிலிருந்து இறங்கி வேகமாக நடந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெரிய பற்றை இருந்தது. அதை அவள் பற்றை என்றுதான் நினைத்தாள்.

அப்போது பேசாச் சாமி வாயைத் திறந்தாள்.

"வராதீங்கோ! யானை! ஓடுங்கோ!"

பற்றைக்குள்ளிருந்த கறுப்பு திரும்பியது. ஒரு கணம் அதன் தலை தவமலரின் பக்கம் நின்றது. பேசாச் சாமி திரும்பவும் கத்தினாள், கையைத் தட்டித் தட்டிக் கத்தினாள், சொல்லாக இல்லை, வெறும் சத்தமாக. யானை அந்தச் சத்தத்தின் பக்கம் போனது.

அலியார் காக்கா கோர்ன் அடித்துக்கொண்டு மெசினைக் குளக்கட்டில் ஏற்றி வந்தபோது யானை காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. வீரை மரத்தடியில் அடிபட்டுக் கிடந்த பேசாச் சாமியைக் காக்காவும் தவமலரும் தூக்கிப் பெட்டியில், காலியான பீப்பாக்களுக்கு நடுவில் கிடத்தினார்கள். தவமலர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாங்கள் போகேக்க ஏன் அம்மா கத்தேல்ல? ஒரு சத்தம் போட்டிருந்தா நிண்டிருப்பமே."

பேசாச் சாமி உதட்டை அசைத்தாள். தவமலர் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அது வந்து நடுவில நிண்டிட்டு. கத்தினா உங்கட பக்கம் பாயும் எண்டு பயந்தன்" என்றாள். மூச்சு வாங்கியது. "நீங்கள் எண்ணுவீங்கள்தானே எண்டு நிண்டனான்."

அதற்குப் பிறகு பேசவில்லை. றோட்டில் ஏறுவதற்கு முன்னமே உயிர் போய்விட்டது. அலியார் காக்கா தன் சால்வையால் அவளை மூடிவிட்டு மெசினை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிற ஒரு இளம் பிள்ளை பேனையை எடுத்துக்கொண்டு பேர் என்ன என்று கேட்டது. தவமலர் வாயைத் திறந்தாள். நாலு நாள் ஒன்றாக நடந்து, ஒரு சட்டியில் சோறு தின்று, ஒரு பாயில் படுத்த பெண். "சாமி" என்று மட்டும் வந்தது. அந்தப் பிள்ளை எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பொதிகளெல்லாம் முன்னால் போன தள்ளுவண்டியில் இருந்தன. வேல் பிடித்த சாமிக்குப் போன் எடுத்து, பேசாச் சாமியின் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.  கோமளேஸ்வரி, நிலாவெளி. தவமலர் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேனை பிடித்த பிள்ளைக்குச் சொன்னாள்.

நிலாவெளியிலிருந்து ஆட்கள் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் தவமலர் ஆஸ்பத்திரியை விட்டாள். அடுத்த நாள் விடிய ஈச்சிலம்பற்றுக் கோயிலடியில் கூட்டம் எழும்பியபோது அவள் வந்துவிட்டாள். தன் வீடு கூப்பிடு தூரம், போகவில்லை. கம்பும் கையில் இல்லை. முதல் ஆளின் முன்னால் போய் நின்றாள்.

"உங்கட பேர் என்ன?"

"நடையில பேர் கேக்கிறேல்ல சாமி" என்றார் வேல் பிடித்தவர், மெல்ல.

"என்ர பேர் தவமலர்" என்றாள் அவள். "உங்கட பேர் என்ன?"

அவர் வேலை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "கணபதிப்பிள்ளை" என்றார்.

ஒவ்வொருவராகக் கேட்டாள். கேட்டு முடித்துத் திரும்ப முதலிலிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஓம், ஓம் என்று பதில் வந்தது. இருபத்தைந்து பேரையும் கூப்பிட்ட பிறகு, "கோமளேஸ்வரி" என்று கூப்பிட்டாள். எல்லாரும் காத்து நின்றார்கள். அவளும் நின்றாள். பிறகு வேல் எழும்பியது, தவமலர் வழக்கம்போலக் கடைசியில் நடந்தாள். அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.