அமேனியாசி வானொலிப் பிரிவுக்குப் போகாத கதை

தன் குரலைப் பற்றி அமேனியாசி வைத்திருந்த அளவு உயர்ந்த அபிப்பிராயத்தை சுவா நகரத்தில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. இதை இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அப்போது சிரிக்கவில்லை.

வாலு பே துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பத்தொன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தார். "சவுசவு செல்லும் பயணிகள் உடனே ஏறவும்" என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னால், சவுசவுவுக்கு டிக்கெட் எடுக்காதவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். சிலர் எழுந்ததும் உண்மைதான். கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கலாம் என்று அந்த நாட்களில் அவருக்குத் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பைபிள் வாசிப்பு, கல்யாணம் காட்சிகளில் வரவேற்புரை, ரக்பி ஆட்டங்களில் மைக் என்று ஓய்வில்லாமல் பேசினார். கூலி கேட்காமல் பேசியதால் எல்லோரும் கூப்பிட்டார்கள். அதைத் தன் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய நாற்பத்து நான்காவது வயதில் கம்பெனி ஒரு இயந்திரம் வாங்கியது. அதற்குள் யாரோ ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அவள் இருமவில்லை, தேநீர் குடிக்கப் போகவில்லை, கப்பல் நேரத்துக்கு நடுவில் வானிலையைப் பற்றித் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. பயணிகள் ஒருவர்கூட "அமேனியாசி எங்கே?" என்று கேட்கவில்லை. அவரைப் பார்சல் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

இரண்டு மாதம் அவர் வீட்டில் யங்கோனா வேர்ப் பானம் கலக்கி உட்கார்ந்து அந்தப் பெண் குரலின் குறைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் மனைவி வசிதி. மகன் ஜோசேவா ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போய்விட்டதால் அவன் தப்பித்தான்.

"ஜோசேவாப்பா, உங்களுக்குப் பேசறதுக்கு ஒரு இடம் வேணும். எனக்குப் பேசாம இருக்கறதுக்கு ஒரு இடம் வேணும். பல்கலைக்கழகத்துல தொடர்பியல்னு ஒரு படிப்பு இருக்காம். போய்ச் சேருங்களேன்" என்றாள் வசிதி.

அவள் அதைக் கிண்டலாகச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. மறுநாளே விண்ணப்பம் வாங்கி வந்தார்.

வகுப்பில் எல்லோரும் ஜோசேவாவை விடச் சின்னவர்கள். அவர்களில் லெவுகாவிலிருந்து வந்த கேலரா என்ற பெண் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாளே "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு, அந்த உரிமையில் ஓயாமல் வாரினாள்.

முதல் வருட முடிவில் ஒரு சிறப்புப் பிரிவை எடுத்தாக வேண்டும். இதழியல், மக்கள் தொடர்பு, வானொலி, தனியாள் தொடர்பியல் என்று நான்கு. கடைசிப் பிரிவு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது என்ன நடக்கிறது என்று படிப்பது. மாணவர்கள் அதற்குப் பேச்சுத்துணைப் பிரிவு என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே போவார்கள்.

இதழியலை அமேனியாசி முதலிலேயே கழித்துவிட்டார். இதழியல்தான் அவரைக் கழித்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். தேவாலயத்தில் நடந்த விற்பனை விழாவைப் பற்றி ஒரு செய்தி எழுதச் சொன்னார்கள். ஒன்பது பக்கம் எழுதினார். அதில் ஏழு பக்கம் விழாவில் மைக் பிடித்தவர் எப்படிப் பேசினார் என்பது. மைக் பிடித்தவர் அவர்தான். ஆசிரியை மிஸ் சஞ்சேஷ்னி ஓரத்தில் சிவப்பு மையில் "விழா எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப மக்கள் தொடர்பு எடுத்துக்கட்டுமா?" என்று கேலராவைக் கேட்டார்.

"அதுல அடுத்தவங்களப் புகழ்ந்து எழுதணும், மாமா."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

"அப்ப வேணாம்."

மிச்சம் வானொலி. அது மிச்சம் அல்ல, தன்னுடைய விதி என்றே அவர் நினைத்தார். பன்னிரண்டு இடம்தான். படிவம் கொடுத்த பிறகு குரல் சோதனை இருக்கும். சோதனை செய்யும் ஆள் தன் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று கைகுலுக்குவார் என்று பேருந்தில் போகும்போதெல்லாம் கற்பனை செய்தார். என்ன பதில் சொல்லி அடக்கமாகத் தலை குனிவது என்பதுவரை ஒத்திகை பார்த்தாயிற்று. படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கடைசி நாள் கொடுத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று பையிலேயே வைத்திருந்தார்.

அந்த வாரம் மிஸ் சஞ்சேஷ்னி ஒரு பயிற்சி கொடுத்திருந்தாள். வீட்டில் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவதைப் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுதி வர வேண்டும். பேச்சு நிற்கும் இடத்தில் எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புகுந்தால் அங்கே ஒரு சாய்வுக்கோடு போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் அமேனியாசி கைப்பேசியின் சத்தத்தை அணைத்து, பதிவுக்குப் போட்டு, மரவள்ளிக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இயல்பாப் பேசு வசிதி. இது இருக்கறதையே மறந்துடு."

பேச்சு நன்றாகவே போனது என்று அவருக்குப் பட்டது. நடுவில் வசிதிக்கு ஒரு போன் வந்தது, எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவர் அந்த நேரத்திலும் பதிவுக்காகக் கொஞ்சம் பேசி வைத்தார்.

புதனும் வியாழனும் பார்சல் கவுண்டரில் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சூலு வேட்டியும் பூப்போட்ட சட்டையுமாக அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கவில்லை.

"வானொலிக்கு முடிஞ்சிடுச்சே சார்."

"இன்னிக்குத்தானம்மா கடைசி?"

"மத்தப் பிரிவுக்கு இன்னிக்கு. வானொலிக்குப் புதன்கிழமையே முடிஞ்சது. குரல் சோதனை பண்றவர் வியாழன் ராத்திரி நாந்திக்குக் கெளம்பறார்னு தேதிய முன்னால தள்ளிட்டாங்க. அறிவிப்புப் பலகைல போட்டிருந்தோமே."

"எங்கிட்ட யாரும் சொல்லலயே!" என்று அமேனியாசி சொன்னார். துறைமுகக் குரலில் சொன்னார். மூன்று அறை தள்ளி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு தெளிவான அறிவிப்பை அவர் செய்ததில்லை.

நேரே போய்க் கேலராவைப் பிடித்தார். "நீ தெரிஞ்சிருந்தும் சொல்லாம விட்டுட்டியே."

"ஐயோ மாமா! செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஆறு தடவ போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அத்தைக்கு அடிச்சுச் சொன்னேன். உடனே சொல்லிடறேன்னாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வசிதியிடம் என்ன கேட்பது என்று வாக்கியங்களை அடுக்கினார். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுக்கியது முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் கடைசித் துணிக்குக் கவ்வி போட்டாள்.

"சொன்னேன்" என்றாள்.

"எப்ப சொன்ன?"

"மூணு தடவ சொன்னேன். உங்க போன்ல இருக்கும், போட்டுக் கேளுங்க."

அவர் கேட்டார். திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டிய பயிற்சி என்பதால் கேட்காமல் இருக்கவும் வழியில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் எழுதினார். அந்தத் தாள் இன்றும் அவரிடம் இருக்கிறது. பதினேழாவது நிமிடம் இப்படிப் போகிறது:

வசிதி: கேலரா பேசினா. வானொலிப் படிவம் நாளைக்கு நாலு மணிக்குள்ள /
அமேனியாசி: கேலராவுக்கு மூக்குல பேசற குரல். வானொலிக்கு ஆகாது. நான் இன்னும் அவகிட்ட சொல்லல.
வசிதி: வெள்ளிக்கிழமை இல்லயாம், நாளைக்கே /
அமேனியாசி: நாளைலேர்ந்து இஞ்சித் தண்ணி குடிக்கப் போறேன். தொண்டைய இப்பவே கவனிக்கணும்.
வசிதி: ஜோசேவாப்பா, அந்தப் படிவம் /
அமேனியாசி: படிவத்துல என்ன இருக்கு? எல்லாம் குரல்லதான் இருக்கு.
(நான்கு விநாடி.)
வசிதி: கிழங்கு வைக்கட்டுமா?
அமேனியாசி: வை.

மொத்தம் முப்பத்தொரு சாய்வுக்கோடு. முப்பது அவருடையது. ஒன்று மட்டும் வசிதி போட்டது. அது, அவர் பேசிக்கொண்டே சட்டைக் கையைக் குழம்புக்குள் விட்டபோது.

அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. அவருடைய குரல். வெளியே இருந்து அதை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவர் அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பாக, எப்போதும் யாரையோ கப்பலில் ஏறச் சொல்வதுபோல் இருந்தது. போதும்டா, நிறுத்து என்று அவருக்கே தோன்றியது.

"நாலாவது தடவ ஏன் சொல்லல?" என்று வசிதியைக் கேட்டார். கோபம் இறங்கிப் போயிருந்தது.

"நீங்கதான இயல்பாப் பேசுன்னு சொன்னீங்க? நம்ம வீட்டுல இதான் இயல்பு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கிழங்கோடு நிறுத்திக்கொண்டார். அவர் கணக்கில் அது பட்டினி.

அலுவலகத்தில் மன்றாடி, மற்றப் பிரிவுகளுக்குத் திங்கள்வரை நேரம் வாங்கியிருந்தார். திங்கள் காலையில் பயிற்சித் தாளையும் எடுத்துக்கொண்டு மிஸ் சஞ்சேஷ்னியின் அறைக்குப் போனார். அவள் வாசித்தாள். முதல் பக்கத்தில் உதட்டைக் கடித்தாள். பதினேழாவது நிமிடம் வந்ததும் முடியவில்லை, மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"மன்னிச்சுக்குங்க" என்று கண்ணைத் துடைத்தாள். "ஆனா ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க. நெறைய பேரு தன் கோட்டக் கொறச்சுப் போடுவாங்க."

"மிஸ், என்ன மாதிரி ஆளுங்களுக்கு அந்தத் தனியாள் தொடர்பியல் பிரிவு நல்லதா?"

"அது ஆஸ்பத்திரி இல்ல, அமேனியாசி. படிப்பு. கொணமாகும்னு நான் எழுதித் தர முடியாது. வானொலிதான் வேணும்னா அடுத்த வருஷம் மறுபடி போடலாம். நானே பரிந்துரை எழுதறேன்."

அவர் யோசித்தார். ஒரு வருடம் சும்மா இருந்தால் அது முழுவதும் வசிதியின் தலையில் விடியும். அந்த முப்பது கோடுகளும் கண்ணுக்குள் நின்றன. தவிர, பேச்சுத்துணைப் பிரிவில் ஆறு இடம் காலியாக இருந்தது, குரல் சோதனையும் கிடையாது. இந்த மூன்றில் எது தன்னைத் தள்ளியது என்று கேட்டால், மனைவி மேல் வந்த அக்கறை என்று ஊரில் சொல்வார். உண்மையில் காலி இடம்தான் என்று வீட்டில் ஒப்புக்கொள்வார். படிவத்தில் வானொலியை அடித்துவிட்டு, தனியாள் தொடர்பியல் என்று எழுதினார்.

இரண்டாம் வருட ஆய்வுக்குப் பார்சல் கவுண்டரையே எடுத்துக்கொண்டார். புகார் சொல்ல வருபவர் வாயைத் திறந்து எத்தனை விநாடியில் கவுண்டர்காரர் குறுக்கே புகுகிறார் என்று அளந்தார். மற்ற ஊழியர்களின் சராசரி பதினொன்று. அவருடையது நான்கு. ஒரு வருடம் நாக்கைக் கடித்துப் பயின்று ஒன்பதுக்கு வந்தார். அதை வசிதியிடம் பெருமையாக விளக்கியபோது நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. பட்டம் வாங்கிய வரிசையில் கடைசிக்கு இரண்டு பேர் முன்னால் நின்றார். கேலரா வானொலியில் சேர்ந்து காலைச் செய்தி வாசிக்கிறாள். மூக்கால்தான் வாசிக்கிறாள். ஊருக்கெல்லாம் பிடித்திருக்கிறது.

அமேனியாசிக்கு ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் வேலை கிடைத்தது. தீவுகளிலிருந்து வரும் வயதானவர்களுக்கு எந்த அறை, எந்த டாக்டர் என்று சொல்லி அனுப்பும் வேலை. சேர்ந்த முதல் வாரம் கண்டாவுவிலிருந்து ஒரு பாட்டியம்மா வந்து நின்றாள். படித்த அத்தனையும் அவருக்கு நினைவு வந்தது. சற்றுக் குனிந்தார், முகத்தைப் பார்த்தார், குறுக்கே பேசவில்லை. அவள் படகு ஆடியதைச் சொன்னாள். மருமகளின் அம்மாவைச் சொன்னாள். காணாமல் போன பன்றியைப் பற்றியும், அதைத் தேடிப் போனவர்களைப் பற்றியும் சொன்னாள். அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். ஒன்பது விநாடி என்ன, இருபது நிமிடம் தாண்டியது. மிஸ் சஞ்சேஷ்னி இங்கே நின்று பார்க்கக் கூடாதா என்று மனசுக்குள் ஏங்கினார்.

பாட்டியம்மா கடைசியில் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் கேட்டுக்கற, தம்பி. ஆனா கக்கூஸ் எங்கன்னு கேக்கத்தான் வந்தேன். என்ன வேணும்னு நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பாத்துப் பாத்து, இப்ப என்னால நடக்கவும் முடியாது போலருக்கு."

அவர் சக்கர நாற்காலியைத் தேடி ஓடினார்.