பெயர் சொல்லி மூடுகிறவர்

மாணிக்கவேல் கைக்குட்டையை எடுத்து கீபோர்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய கீபோர்டு இல்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையினுடையது. "பிஸ்கட் தூளு ஒரு பக்கம், குங்குமம் ஒரு பக்கம்! வாயில்லாததுன்னா என்னா வேணா கொட்டுவியாம்மா?" என்று பில் போடும் கீர்த்தியைக் கடிந்துகொண்டார். அவள் சிரித்தாள். மாணிக்கவேல் திட்டினால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

வயது ஐம்பத்து மூன்று. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒண்டியாகக் குடியிருக்கிறார். ஊரில் நாலைந்து பட்டுக்கடைகளில் புடவைக் கையிருப்பைப் பார்க்கவும் பில் போடவும் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் இவர் எழுதியதுதான். அதில் பட்டன்களும் கட்டங்களும் விண்டோக்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பட்டன் ஒன்று, பட்டன் இரண்டு என்று கம்ப்யூட்டர் தானாக வைக்கும் பெயரோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இவருக்கு அது ஆகாது. "பேரு வெக்காம உட்டுட்டு அப்பால தேடுனா எப்படிப்பா கெடைக்கும்? பேரச் சொல்லித் தேடு, எத்தினி பொட்டிக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருந்தாலும் வந்து நிக்கும்" என்பார்.

அவர் வைக்கிற பெயர்தான் வேடிக்கை. எல்லாம் மனிதர்களின் பெயர். பிரிண்ட் எடுக்கும் பட்டன் வேல்முருகன். முன்பு கூட வேலை பார்த்தவராம், எதைச் சொன்னாலும் முனகிக்கொண்டேதான் செய்வாராம். அழிக்கும் பட்டனுக்கு மணியம்மாள் என்று பெயர். அது என் அத்தை, மாடிக் குழாய் சொட்டினால் சண்டைக்குக் கிளம்புகிறவர். இதை நான் வீட்டில் மூச்சுவிடவில்லை.

இந்தப் பெயர்களெல்லாம் எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். கடைக்காரர்கள் பார்க்க வழியில்லை. இத்தனை பேரை உள்ளே வைத்திருக்கிறாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியிலிருந்து ஒரு பேச்சுக்குரல் வராது. எனக்கு மனசு கேட்காது. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மேலே போவேன். இரண்டு நாற்காலி போட்டிருப்பார், ஒன்றில் துணி மடித்து வைத்திருக்கும்.

அன்று கடைக்கு நானும் அவரோடு சும்மா போயிருந்தேன். "மத்தியானம் சாப்புடப் போறப்ப புரோகிராம மூடிட்டுத்தான் சார் போறேன். வந்து தெறந்தா, ஏற்கனவே ஓடிக்கினு இருக்குதுன்னு சொல்லுது. உள்ளயே வுட மாட்டேங்குது" என்றாள் கீர்த்தி. ஒரு மாதமாக இதே பாடு. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டாராம்.

மாணிக்கவேல் தான் எழுதியதைத் திரையில் திறந்தார். புரோகிராமை மூடும்போது, திறந்திருக்கும் விண்டோக்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து மூடிக்கொண்டு வரவேண்டும். "மொதல்லேர்ந்து மூடுனா எண்ணிக்க கொழம்பிப்பூடும்பா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். துர்கா என்று பெயர் இருந்தால் மூடாதே என்று ஒரு வரி.

துர்கா அவர் மனைவி. ஏழு வருடமாக வாலாஜாபாத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பெரிய சண்டை ஒன்றும் இல்லையாம், பேச்சு நின்றுபோயிற்றாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன் இதே கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தவர். நிறத்தைச் சொல்லிப் புடவை தேடும் விண்டோவை அவர் சொல்லச் சொல்லத்தான் மாணிக்கவேல் எழுதி, அவர் பெயரையே அதற்கு வைத்தார். அரக்கு, பாக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று அதிலிருந்த வரிசை துர்காவினுடையது. போன மாதம் முதலாளி, படத்தோடு காட்டும் புது விண்டோ ஒன்றை இவரையே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். பழையதை எடுத்துவிட வேண்டியதுதானே? இவர் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, பின்னால் திறந்தபடியே விட்டுவைத்தார். அது மூடாததால் புரோகிராமும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா!

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்கினு போவுதுன்னு நெனச்சேன்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வரியை அழித்தார். இனி கம்ப்யூட்டரே துர்காவைத் தேடிப்பிடித்து மற்றவற்றோடு சேர்த்து மூடிவிடும். அதற்கு அவர் விடவில்லை. மறைந்திருந்த விண்டோவைத் திரைக்குக் கொண்டுவந்தார். நிறங்களின் வரிசையை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு மவுஸை நகர்த்தி, மூலையில் இருந்த பெருக்கல் குறியின் மேல் அழுத்தினார்.

விண்டோ மூடவில்லை. அழுத்தினால் மட்டும் மூடாது, அழுத்திய விரலை எடுக்க வேண்டும்.

"ஆயிடிச்சா சார்?" என்று கேட்டபடி கீர்த்தி டீ டம்ளரை நீட்டினாள். மாணிக்கவேல் தலையை ஆட்டி, இடது கையால் வாங்கிக்கொண்டார். டீயில் ஆடை படியும்வரை டம்ளர் அந்தக் கையிலேயே இருந்தது. மவுஸை அழுத்திய விரலை அவர் இன்னும் எடுக்கவில்லை.