கிரகணத்தில் வெட்டிய மண்

எனக்கு இடது காது கேட்காது. ஒரு பொங்கலன்று உச்சிவேளையில் உலக்கை பட்டுப் போனது. ஓங்கியவன் என்னை அடிக்க ஓங்கவில்லை. என் மச்சானை அடிக்க ஓங்கினான். நான் குறுக்கே போனேன். அம்புட்டுத்தான்.

அப்போது நான் நீர்க்கட்டி. ஆனையூருக்கு வடக்கே ஒரு கண்மாய். அதில் மடை திறக்கிறது, அடைக்கிறது, தண்ணீரை முறைப்படி பிரித்து விடுகிறது என் வேலை. எங்க அப்பாவுக்கும் அதே வேலைதான். அவருக்கு வலது கையில் ரெண்டு விரல் இல்லை. முறை மாற்றி விட்டார் என்று ஒருத்தன் மண்வெட்டியால் கொத்தியது. அவர் மாற்றவில்லை. கொத்தினவன் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். தண்ணீர்ச் சண்டை என்றால் அப்படித்தான்.

கண்மாய் ஒன்று. ஊர் ரெண்டு. மேலக்கரை, கீழக்கரை. காலையிலிருந்து உச்சி வரைக்கும் மேலக்கரைத் தண்ணீர். உச்சியிலிருந்து பொழுதடைகிற வரைக்கும் கீழக்கரைத் தண்ணீர். மடைக்குக் கீழே வாய்க்கால் ரெண்டாகப் பிரியும். எந்த ஊருக்கு முறை இல்லையோ அந்தப் பக்கத்தை மண்ணும் வைக்கோலும் போட்டு அணைத்து வைப்பேன். உச்சிக்கு ஒன்றை வெட்டி மற்றதை அணைப்பேன். கீழக்கரை வாய்க்கால் பள்ளம். அதை வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் முழுக்க அங்கே ஓடிவிடும்.

அந்த வருசம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. மார்கழிக் கடைசியில் மடை வாய்க்கு மேலே ஒரு சாண் தண்ணீர்தான் நின்றது. பொங்கலன்று விடுகிறதுதான் கடைசித் தண்ணீர். ரெண்டு ஊருக்கும் தெரியும். பயிர் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் கிடைத்தால் நெல். இல்லாவிட்டால் சாவி, வெறும் பதர்.

எங்க அக்காவைக் கீழக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுடைய வயல் வாய்க்காலின் கடைசி. எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் அங்கே தண்ணீர் ஏறும். மச்சான் ஏற்கெனவே ஒரு தடவை மலாய்க்குப் போய் ரப்பர்த் தோட்டத்தில் கிடந்துவிட்டு அந்த ஐப்பசியில்தான் திரும்பியிருந்தார். அவர் போயிருந்தபோது பிறந்த பிள்ளை, அவர் முகம் பார்க்காமலே செத்துப் போனது. இந்த வருசமும் சாவியானால் மறுபடியும் கப்பல் ஏறுவேன் என்று சொல்லிவிட்டார். அக்கா தினமும் சாயங்காலம் போய்ப் பயிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள். "தம்பி, அந்த ஒரு தண்ணி மட்டும் வந்துரட்டும். இந்த மனுசன் இங்கனயே கெடப்பாரு."

இதற்கு நடுவில்தான் கிரகணம். பொங்கலும் அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வந்தது. காலையில் பிடித்து உச்சி தாண்டி விடும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது.

எங்கள் பக்கம் கிரகணம் பிடித்தால் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள். இரும்பே தொட மாட்டார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு குளித்துவிட்டுத்தான் மண்ணைத் தொடலாம். அப்படியென்றால் உச்சிக்கு முறை மாற்ற முடியாது. கிரகணம் விடுகிறதுக்குள் மேலக்கரைக்காரர்களே கண்மாயைக் குடித்து முடித்துவிடுவார்கள்.

போகிக்கு முந்தின நாள் கண்மாய்க் கரையில் ரெண்டு ஊரும் கூடியது. மேலக்கரைக்குப் பெரிய மனுசர் அம்பலம். அவர் பேசினார்.

"கெரகணத்துல எவனும் மண்ணைத் தொடக் கூடாது. போற தண்ணி போகட்டும். நாளைக்கு நம்ம பிள்ளைகுட்டிக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மச்சான் எழுந்தார். "அந்தக் கெரகணம் நமக்கு இல்ல அம்பலம். அது கடல் தாண்டி உள்ளவனுக்கு."

"சூரியன் ஒண்ணுதானடா?"

"சூரியன் ஒண்ணுதான். நெழலு ஒரு பாதையிலதான போகும்? சித்திரைத் தேரு மாதிரி. மாசி வீதியில நிக்கிறவனுக்குத் தேரு தலைக்கு மேல. சிம்மக்கல்லுல நிக்கிறவனுக்குக் கலசம் மட்டும் தெரியும். ஆனையூருல நிக்கிறவனுக்கு? தேரும் கெடையாது, கலசமும் கெடையாது. இந்தக் கெரகணம் சுமத்ராத் தீவுல முழுசாப் பிடிக்குது. அதைப் பாக்குறதுக்குத் தொரைமாரு கப்பல்ல குழாய்க் கண்ணாடி கொண்டாந்து எறங்குறாங்க. நான் கெளம்புறப்ப எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணி சொன்னாரு."

"இங்க அரைவாசி பிடிக்கும்னு ஐயரு பஞ்சாங்கத்தைப் படிச்சாரு."

"கண்ணுல படட்டும். பட்டா நான் மண்வெட்டியைத் தொடலை. படலேன்னா உச்சிக்கு எங்க தண்ணி."

அம்பலத்தின் தம்பி துண்டை உதறிக்கொண்டு சொன்னான். "ரப்பர்ப் பாலைக் குடிச்சுட்டு வந்து பேசுறாண்டா." சிரித்தார்கள்.

"குடிச்சவன்தான் மாப்ள. உங்க அண்ணன் மாதிரி அடுத்தவன் தண்ணியைக் குடிக்கல."

அதற்கு மேல் பேச்சு இல்லை. கல் எறிந்தார்கள். கீழக்கரை ஆள் ஒருவனுக்கு நெற்றி உடைந்தது. என்னைக் கேட்டார்கள், நீ என்ன செய்யப் போகிறாய் என்று. உச்சி வரட்டும், பார்ப்போம் என்றேன்.

பொங்கலன்று விடியுமுன்னே எல்லா வீட்டிலும் பானை வைத்துவிட்டார்கள். பொங்கியவுடன் இறக்கி, தின்று, மிச்சத்தை மாட்டுக்கு வைத்துக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. நான் முங்கி மடையைத் திறந்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். வானம் முழுக்க மேகம். மழை மேகம் இல்லை. வேட்டி காயப்போட்ட மாதிரி வெள்ளை மேகம். பிடிக்கிற நேரம் வந்தது. மேலக்கரையில் கதவை அடைத்தார்கள். இருட்டவில்லை. காக்கை கூட்டுக்குப் போகவில்லை. ஆடு மேய்ந்துகொண்டேதான் இருந்தது.

உச்சிக்கு மச்சான் வந்தார். தோளில் மண்வெட்டி. பின்னால் கீழக்கரை ஆட்கள் நாலைந்து பேர்.

"மாப்ள, உச்சியாச்சு."

"ஆமா."

"வெட்டு."

"பிடிச்சிருக்கும் மச்சான்."

"எங்க, காட்டு."

அண்ணாந்து பார்த்தேன். மேகம்தான்.

"காட்ட முடியலைல்ல. தள்ளு."

நான் வெட்டவில்லை. தடுக்கவும் இல்லை. அவரே இறங்கி வெட்டினார். நாலாவது வெட்டில் அடைப்பு உடைந்தது. தண்ணீர் திரும்பியது.

மேலக்கரை ஆட்கள் கரைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். இறங்கினார்கள். இரும்பு தொடக் கூடாது என்று அரிவாள், வேல்கம்பு எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். கையில் கம்பு, வண்டி முளைக்குச்சி, ஒருத்தன் கையில் உலக்கை. அந்த உலக்கைக்கும் பூண் இரும்பு என்று தட்டிக் கழற்றியிருந்தார்கள். பூண் இருந்திருந்தால் எனக்குக் காதோடு நின்றிருக்காது.

முதல் அடி அம்பலத்தின் தம்பி அடித்தது. மச்சான் தோளில் விழுந்தது. மச்சான் திரும்பி மண்வெட்டியை வீசினார். அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவன் சத்தம் போடாமல் வாய்க்காலில் உட்கார்ந்தான். சத்தம் அப்புறம் வந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. சேறு. ஈர மண்ணில் கம்பு படுகிற சத்தம் வேறு, மனுசன் மேல் படுகிற சத்தம் வேறு. ரெண்டும் கலந்து கேட்டது. கீழக்கரைக்காரன் ஒருவன் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். மச்சான் கையில் இருந்த மண்வெட்டியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கினவன் அதால் அடிக்கவில்லை. சுட்டதைப் போலத் தூர எறிந்துவிட்டு மறுபடியும் கம்பை எடுத்தான்.

உலக்கை ஓங்கினதைப் பார்த்தேன். போனேன். காதில் விழுந்தது. ரெண்டாவது தடவை ஓங்கினது மச்சான் மண்டையில். அவர் வெட்டின இடத்திலேயே உட்கார்ந்தார், குளிக்க உட்காருகிறவர் மாதிரி. உட்கார்ந்தவரையும் அடித்தார்கள். கையை ஏந்தினார். கை ரெண்டும் மடங்கியது.

பிறகு அவர் காலைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டார்கள். மண்ணைத் தொடக் கூடாது என்றவர்களே அது மறந்து, மண்டிபோட்டு வெறும் கையால் சேற்றை அள்ளி அடைப்பை மூட ஆரம்பித்தார்கள். இனி நாலு அள்ளு போதும். அடைத்துவிடுவார்கள். அக்கா வயல் எனக்குக் கண்ணில் வந்தது.

அப்போது மேகம் மெலிந்தது. பக்கத்துப் பள்ளத்தில் கலங்கின தண்ணீர் தேங்கியிருந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் கிரகணம் பார்க்கிறது போல அதில் சூரியன் தெரிந்தது. வெள்ளையாக, ஓரத்தைக் கடித்து வைத்த அப்பம் மாதிரி. மண்டி போட்டிருந்தவன்தான் முதலில் பார்த்தான். கையைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"டேய், பிடிச்சிருக்குடா."

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அப்புறம் மேலே பார்த்தார்கள். ஒவ்வொருத்தராகக் கரையேறினார்கள்.

அம்பலம் கரையில் நின்றார். எனக்குக் காதில் வண்டு குடைந்தது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கத்தித்தான் சொல்லியிருப்பேன்.

"நீங்க சொன்னதுதான் சரி அம்பலம். கெரகணந்தான்."

"ஆமா."

"அப்ப எவனும் மண்ணைத் தொடக் கூடாது. போற தண்ணி போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாய்க்காலில் கிடந்த அவர் தம்பி முனகினான். "அண்ணே, அடைக்கச் சொல்லு. நம்ம கடைப் பயிரு செத்துரும்ணே."

அம்பலம் அவன் பக்கம் திரும்பாமல் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "கெரகணம் விடட்டும். விட்ட பெறகு குளிச்சிட்டு அடைங்கடா."

எனக்காகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார். வீட்டில் அவர் மருமகள் நிறைமாசம்.

மச்சான் தண்ணீர் கேட்டார். கிரகணத்தில் வாயில் தண்ணீர் படக் கூடாது என்று ஒருத்தன் கரையிலிருந்து சொன்னான். வாய்க்காலில் கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். பாதி உள்ளே போனது. பாதி ரத்தத்தோடு வெளியே வந்தது.

"தண்ணி எங்கிட்டுப் போகுது மாப்ள?"

"நம்ம பக்கம்."

"கெரகணம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"கிராணிப் பய பொய் சொல்லிட்டான்" என்றார்.

ஓடினவர்களில் ரெண்டு பேர் திரும்பி வந்தார்கள். மச்சானை அவர்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீரோடு நடந்தேன். கடைசி வயலில் அக்கா நின்றாள். தண்ணீர் அப்போதுதான் அவள் வரப்பைத் தொட்டிருந்தது. காலால் புல்லை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டிருந்தாள். என் கழுத்தில் ரத்தத்தைப் பார்த்தாள்.

"மச்சானுக்கு அடி" என்றேன்.

"எம்புட்டு?"

"தலையில."

"நடப்பாரா?"

"நடக்க மாட்டாரு."

தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ இதப் பாரு தம்பி. கடைசி வரப்பு வரைக்கும் ஏத்திட்டு வா." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஏற்றினேன். கிரகணம் விட்டு, மேலக்கரைக்காரர்கள் முழுகி எழுந்து வந்து அடைத்தபோது மடையில் நூலாகத்தான் ஒழுகியது. அக்கா வயல் நிறைந்து நின்றது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அன்றைக்கு மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. பூட்டினோம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தல்லாகுளம் தாண்டி ஆற்றில் வண்டி இறங்கும்போது மச்சான் செத்தார். திருப்பினோம்.

மகாலில் இருந்த கோர்ட்டில் கேஸ் நடந்தது. கிரகணம் இந்த ஊரில் தெரிந்ததா என்று வக்கீல் கேட்டார். தெரிந்தது என்றேன். எங்கே பார்த்தாய் என்றார். வாய்க்கால் பக்கத்துப் பள்ளத்துத் தண்ணியில் என்றேன். உலக்கைக்காரனுக்கு ஜெயில். அம்பலத்தின் தம்பிக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

மாசியில் அறுப்பு. கீழக்கரை முழுக்க நெல் விளைந்தது. மேலக்கரையில் மடையை ஒட்டின வயல் தப்பியது, கடை வயல் எல்லாம் சாவி. அங்கிருந்து பொம்பளைகள் கூலி அறுப்புக்கு வந்தார்கள். அதில் உலக்கைக்காரன் பெண்டாட்டியும் ஒருத்தி. யாரும் அவளை வயலில் இறக்கவில்லை. கடைசி வயல் வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். வரப்பில் நின்றாள்.

அக்கா கேட்டாள். "உங்க வயலு?"

"சாவி."

"பிள்ளை எத்தனை?"

"மூணு."

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். "எறங்கு."

ரெண்டு பேரும் ஒரே வரிசையில் அறுத்தார்கள். கதிர் கனமாகத்தான் இருந்தது. அக்கா வீட்டுக் குதிர் அந்த வருசம் நிறைந்தது. தின்ன அவள் ஒருத்திதான்.