உயிரோடு இருந்த நம்பிக்கு ஓர் இரங்கல்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த சந்தில் சேக் முகைதீன் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு வந்தாலும் வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். அஞ்சலி வாசகம் எழுதுவதில் அவருக்கு ஊரில் தனிப் பேர் உண்டு. செத்தவரைப் பார்த்தே இராதவர்கள்கூட அவர் எழுதிய போஸ்டரைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் நின்று போவார்கள்.

தொண்ணூற்றெட்டில் அவர் கடைக்கு இன்டர்நெட் வந்தது. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணைப்பு வாங்க வேண்டும். அது பாதியில் அறுந்து அறுந்து போகும். அந்த இணைப்பில்தான் அவர் ‘பலகை’யைக் கண்டுபிடித்தார். தமிழில் இணையப் பக்கம் நடத்துகிறவர்களுக்காகச் சிலர் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. விஷயத்தைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால் அதுவே பக்கமாகி இணையத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். டொரண்டோவில் இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒரு பெண் என்று அங்கங்கே உட்கார்ந்து அதை வளர்த்தார்கள்.

சேக் முகைதீனுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் தமிழ் நன்றாக வரும். அதனால் மாதம் ஒரு முறை ‘பலகைச் செய்திகள்’ எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். புதிய பதிப்பு எப்போது வரும், எந்தப் பிழை சரியானது, எந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் புதிதாகப் பலகைக்கு மாறியது, யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடல் தாண்டி இருக்கிறவர்கள் ‘ஆசிரியர் ஐயா’ என்று விளித்து மடல் போடுவார்கள். அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் படித்துக் காட்டுவதுண்டு.

நம்பி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவர் குடும்பம் தலைமுறையாக ஆண்டாள் கோவிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பது. இவர் மட்டும் படித்துக் கூட்டுறவுச் சங்க ஆபீசில் எழுத்தராக இருந்தார். தவணையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. போன் கிடையாது. தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் பலகை கன்னாபின்னாவென்று அடுக்கும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டாக உடைத்துப்போடும். இரண்டையும் சரிசெய்தவர் நம்பிதான். பிளாப்பியில் போட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து சேக் முகைதீன் கையில் கொடுத்தார்.

“பாய், இத அவியளுக்கு அனுப்பிவிடுங்க. சரியா வருதான்னு பாக்கச் சொல்லுங்க.”

சேக் முகைதீன் அனுப்பினார். டொரண்டோவிலிருந்து, ‘அற்புதம், சேக் ஐயா! இரண்டு வருடத் தலைவலி தீர்ந்தது’ என்று பதில் வந்தது. செய்தது நானில்லை, நம்பி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை. அந்த மாதச் செய்தியில் ‘ராஜபாளையம் குழுவின் முயற்சியால்’ என்று போட்டார். அப்படி ஒரு குழுவே இல்லை. அடுத்து நம்பி கொடுத்துவிட்ட இரண்டு பிளாப்பிகளும் அந்தக் குழுவின் கணக்கிலேயே போயின. நம்பி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததால் இவருக்கு அது பெரிதாகவும் படவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒரு வெள்ளிக்கிழமை. காகிதம் போடுகிற சோலைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து கட்டுகளை இறக்கிக்கொண்டே சொன்னார்:

“சேதி தெரியுமா பாய்? மாடவீதியில கம்ப்யூட்டர் நம்பி போயிட்டாருல்லா. மாரடைப்பு. நேத்துத்தான் எடுத்தாவ.”

சேக் முகைதீனுக்கு உண்மையாகவே வருத்தம்தான். அந்த மாதச் செய்தி அன்று போக வேண்டியது. எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் இருந்தார். கூட்டுறவுச் சங்க ஆபீஸ் நம்பர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. சுழற்றிக் கேட்டிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரப் பயணம். ஜும்ஆ தொழுகை முடித்து ஒரு நடை போய் வந்திருக்கலாம். ஆனால் விஷயம் வேறு வழியில் டொரண்டோவுக்குப் போவதற்கு முன்னால் தன் கையால் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. எழுத உட்கார்ந்தார்.

எழுத எழுத வந்தது. அகர வரிசையைச் சரிசெய்தது நம்பி என்று முதல் முறையாக அதில்தான் எழுதினார். நம்பியும் தானும் உடன்பிறவாச் சகோதரர்கள் என்று எழுதினார். இரண்டு பேரும் நின்று பேசியது மூன்று தடவைக்கு மேல் இருக்காது. கடைசியில், ‘போன வாரம் என் கடைக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாய், பலகையை இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதன் பொருள் எனக்கு இன்றுதான் புரிகிறது’ என்று முடித்தார். அந்த வரியை எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது.

மறுநாளே மடல்கள் வந்து குவிந்தன. வரப்போகும் பதிப்புக்கு ‘நம்பி’ என்று பெயர் வைக்கலாம் என்றார்கள் டொரண்டோக்காரர்கள். கோலாலம்பூர்ப் பெண் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். சேக் முகைதீன் எல்லாவற்றையும் நல்ல தாளில் அச்சடித்து, நூல் கோத்து, திங்கட்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து ஆறுதல் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போனார்.

கதவைத் தட்டினார். நம்பி திறந்தார்.

பிற்பாடு மனைவி ஆரிபாவிடம் மட்டும் அவர் சொன்ன விஷயம் இது: அந்த முகத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அனுப்பிய மடலை எப்படித் திரும்பப் பிடிப்பது என்ற நினைப்புத்தான் வந்தது.

“உள்ள வாங்க பாய்,” என்றார் நம்பி. குரலில் கோபம் இல்லை. “செத்தவரு வேற நம்பி. மாடவீதி கீழ முக்குல டைப்பிங் கிளாஸ் வச்சிருந்தாருல்லா, அவரு. போன வருசம் ரெண்டு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாரு. நல்ல மனுசன்.”

சேக் முகைதீன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நம்பியின் மனைவி ஜயலக்ஷ்மி உள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பாதங்களிலும் துணி சுற்றியிருந்தது.

“சிங்கப்பூர்ல இருக்க எங்க அண்ணன் வேங்கடேசன் உங்க சேதியப் படிச்சிருக்கான்,” என்றாள். “சனிக்கிழம பக்கத்து மருந்துக்கடைக்கு போன் பண்ணுதான். அவுக ஆபீசுக்குப் போயி செத்த நேரந்தான் ஆவுது. அத்தான் போயிட்டாராமேன்னு போன்ல அழுவுதான். நான் என்னன்னு நெனைப்பேன்? ஆபீசுல வச்சு ஏதோ ஆயிட்டுன்னுதான நெனைப்பேன்? செருப்புகூட இல்லாம தேரடி வழியா ஓடுதேன், ஊரே பாக்குது. அங்க போனா இவுக டீ குடிச்சுக்கிட்டு இருக்காக.”

“தங்கச்சி, தெரியாம நடந்துபோச்சு…”

“தெரியலன்னா கேக்கணும்.” அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு வெளியே வரவே இல்லை.

வேங்கடேசன் போனில் படித்துக் காட்டியதைக் கேட்டு நம்பி அந்த இரங்கலை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியை நிதானமாக வாசித்தார். பிறகு கேட்டார்:

“பாய், இத நான் எப்பச் சொன்னேன்?”

சேக் முகைதீன் மடியில் இருந்த தாள்களின் நூலை நிமிண்டினார்.

“ஆளு மாறிப்போனது சரி. யாருக்கும் நடக்கும். இத மட்டும் எங்கருந்து எடுத்தீகன்னுதான் எனக்குப் புரியல,” என்றார் நம்பி. தாளை மடித்துக்கொண்டே, “உயிரோட இருக்கையில என் பேரு ஒரு வரில வரல. செத்த பொறவு முழுப் பக்கம் வந்திருக்கு,” என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நூல் கோத்த அந்தத் தாள்களைக் கொடுக்கவும் முடியவில்லை, திரும்ப எடுத்துப் போகவும் முடியவில்லை. நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அன்று மாலை மறுப்புச் செய்தி எழுதினார். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர் தந்த தவறான தகவலால்’ என்று ஆரம்பித்தது. ஆரிபா பின்னால் நின்று படித்தாள். கடைக் கணக்கெல்லாம் அவள்தான். ஒரு எழுத்து விடாமல் பார்க்கிறவள்.

“சோலைச்சாமி அண்ணன் செத்துட்டாருன்னுதான சொன்னாரு. கையப் புடிச்சுக்கிட்டு பலகையப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னதையும் அவருதான் சொன்னாரா?”

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

“எம்புட்டுப் பேரு இதப் படிக்காக?”

“நானூறு பேரு இருக்கும்.”

“அப்ப அம்புட்டுப் பேருக்கும் உள்ளதச் சொல்லுங்க.”

எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நம்பி உயிரோடு இருக்கிறார், நான் விசாரிக்காமல் எழுதினேன், கடைசிச் சந்திப்பு நானே இட்டுக்கட்டியது, அகர வரிசையும் ‘ஸ்ரீ’யும் மற்ற இரண்டு திருத்தங்களும் நம்பி செய்தவை, ராஜபாளையம் குழு என்று ஒன்று கிடையாது. ஏழெட்டு வரிதான். அஞ்சலி வாசகம் போல அது சரளமாக வரவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது இணைப்பு அறுந்தது. அறுந்ததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடி மதுரைக்குச் சுழற்றினார்.

யாரும் வைது எழுதவில்லை. சிலர் நம்பி நூறாண்டு வாழ்க என்று எழுதினார்கள். சிலர் கேலி செய்தார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோலாலம்பூர்ப் பெண் மட்டும் மரியாதையாக ஒன்று கேட்டிருந்தாள்: ‘ஐயா, சென்ற ஆண்டுச் செய்திகளில் வேறு எவையெல்லாம் தாங்கள் இட்டுக்கட்டியவை என்று சொன்னால், எங்கள் தளத்தில் திருத்திக்கொள்வோம்.’ அந்த மடலுக்குப் பதில் எழுத அவருக்கு நாலு நாளாயிற்று. பழைய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் கூட்டிப் போட்டது எல்லா மாதத்திலும் இருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினார்.

செய்தி எழுதும் வேலையை விட்டுவிடுகிறேன் என்றபோது டொரண்டோக்காரர்கள் விடவில்லை. செய்தியில் வருகிற ஆள், தன்னைப் பற்றிய வரியைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அனுப்புவது என்று ஒரு விதி மட்டும் வைத்தார்கள். யாருக்காக அந்த விதி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் அந்த விதிப்படி அவர் கேட்டுக் கேட்டு எழுதினார்.

நம்பி பலகையை விடவில்லை. பிளாப்பிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவர் மட்டும் ராஜபாளையம் வருவதில்லை, யாரிடமாவது கொடுத்துவிடுவார். அப்படி வந்த முதல் பிளாப்பியோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ‘பாய், இனிமேல் என் பெயர் போட வேண்டாம். வீட்டில் பயப்படுகிறார்கள்.’ ஆகவே இப்போது பெயர் போட மனமிருந்தும் போட முடியாமல், ‘ஒரு நண்பர்’ என்றே சேக் முகைதீன் எழுத வேண்டியிருந்தது. விதிப்படி அந்த வரியையும் நம்பிக்கு அனுப்பிக் கேட்பார். ‘சரி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

ஒரு ஆடிப்பூரத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜயலக்ஷ்மியைத் தூரத்தில் பார்த்தார். வத்திராயிருப்பு பஸ்ஸுக்காகப் பையோடு நின்றிருந்தாள். போய் இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று பல மாதமாக நினைத்திருந்தவர்தான். அவள் திரும்பப்போகிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று ஒரு லாட்டரிக் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். வாங்கும் பழக்கமே இல்லாத சீட்டுகளைப் பார்த்தபடி, அவள் பஸ் கிளம்பிப் போகும்வரை அங்கேயே நின்றார்.