திருப்ப மறந்த பக்கம்

எங்கள் அப்பா கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவுக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் அப்பாவுக்கே பிடிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாற்பதுகளின் தொடக்கத்தில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பம்பாய்க்கு ரயிலேறி தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிக் கனத்த தோலை ஒருவரால் தூக்க முடியாது. ஆகவே ஆட்களை ஜோடியாகத்தான் வேலைக்கு வைப்பார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் அன்று தொட்டியில் வேலை கிடையாது. அப்பாவுக்கு ஜோடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் சுடலைமுத்து மாமா. காலையில் கழிமுகத்துப் பனி உள்ளே வந்து நிறைந்திருக்கும். எதிரே நிற்கும் ஆள் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரலை நம்பித்தான் இருவரும் தோலை இழுத்தார்கள்.

மாட்டுங்காவில் ஒரு பழைய காகிதக் கடையில் அப்பா நாவல் ஒன்றை வாங்கி வந்தார்கள். அதன் பெயரும் எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டன. மலையில் கல் உடைக்கும் இரண்டு கூலிக்காரர்களின் சிநேகிதத்தைச் சொல்லும் கதை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், காயப்போட்ட தோல்களின் நிழலில் அப்பா படிக்க, எழுத்தறியாத மாமா கேட்பார். அதில் வரும் கருப்பன், வயிறு காய்ந்தாலும் சிரிக்கிறவன். அவன் தன்னைப் போலவே இருக்கிறான் என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

மழைக்காலத்தில் மாமாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அறையில் கூட இருந்தவர்கள் பயந்து வேறிடம் போய்விட்டார்கள். "வேற ஜோடி பாத்துக்கிடும்" என்று மேஸ்திரி சொல்ல, அப்பா அவரோடு மல்லுக்கு நின்று, தோல் அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்கள். மத்தியானந்தோறும் அறைக்கு ஓடிவந்து, கஞ்சி புகட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். இதெல்லாம் பின்னாளில் மாமா வாயாலேயே நாங்கள் கேட்டது.

கதையிலும் அப்போது கருப்பன் பாறை சரிந்து அடிபட்டுக் கிடந்தான்.

"அவன் எந்திரிச்சுட்டாம்னா நானும் எந்திரிச்சிருவேம்வே," என்றார் மாமா.

அடுத்த பக்கத்தை அப்பா முன்பே தனியாகப் படித்திருந்தார்கள். அதில் கருப்பன் செத்துப்போகிறான்.

அன்று அப்பா புத்தகத்தில் இல்லாததைப் படித்தார்கள். கருப்பன் கண் திறந்தான், தண்ணீர் கேட்டான். மறுநாள் எழுந்து உட்கார்ந்தான். அதற்கு மறுநாள் மலையை விட்டிறங்கினான். கீழே ஓர் ஆறு, அக்கரையில் ஒரு கொய்யாத் தோப்பு. காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டு மாமாவும் கூடவே நடந்தாராம். ஆற்றுத் தண்ணீர் காலில் ஜில்லென்று பட்டது என்பார். கொய்யா வாசனை அறையெல்லாம் நிறைந்திருந்தது என்பார். வெளியே தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் மாமா கண்ணைத் திறந்து அப்பாவின் கையையே பார்த்தார்.

"ஏன்வே, அஞ்சு நாளாச்சு. ஒரு பக்கத்தக்கூட நீரு திருப்பலையே?"

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. எதற்கெடுத்தாலும் பாய்கிறவர்கள் அன்று புத்தகத்தை மெல்ல மூடினார்கள்.

"அவன் செத்துட்டான், அப்டித்தான?"

"ஆமாவே."

மாமா கூரையைப் பார்த்தபடி, "எழுதுனவன் கெடக்கான். நாமதான் ஆத்தத் தாண்டிட்டோம்லா? மேல படியும்," என்றார்.

மழை ஓயுமுன் மாமா எழுந்து நடந்தார். இருவரும் பழைய தொட்டிக்கே ஜோடியாகத் திரும்பினார்கள்.

அப்பா அம்மாவைக் கைப்பிடித்ததும், ஆண்டாப் ஹில்லில் வீடு பார்த்ததும், எங்கள் நால்வரையும் படிக்க வைத்ததும் நீங்கள் அறிந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத ஊர்க்காரர்கள் கடிதத்தோடு அப்பாவைத் தேடி வருவார்கள். துக்கச் செய்தியை மட்டும் அப்பா ஒருநாளும் உள்ளபடி படித்ததில்லை. அதற்காக நிறைய ஏச்சும் வாங்கியிருக்கிறார்கள்.

கடைசி மாதத்தில் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. அப்போது அன்போடு கவனித்த மருத்துவருக்கும், முறைவைத்துத் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை. அந்தத் தள்ளாத வயதிலும் செம்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தார். அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்து மடியில் விரித்து, "கருப்பன் தோப்பத் தாண்டிட்டான்வே," என்று படிக்கத் தொடங்குவார். அப்பா கண்மூடிச் சிரிப்பார்கள். இன்றுவரை ஓரெழுத்தும் அறியாத மாமா, சற்று நேரத்துக்கு ஒருமுறை விரலில் எச்சில் தொட்டு, அப்பாவுக்குக் கேட்கும்படி மறக்காமல் பக்கத்தைத் திருப்புவார்.